யன்னல் வாசகர்

"அவளைக் கொண்டுவந்து ஹோலுக்குள்ள இருத்தப்போறியளோ? அதுவும் கதிரையில?"

புவனேஸ்வரி அகப்பையும் கையுமாகக் குசினி வாசலில் நின்று கேட்டார். கேட்டது புருஷனை, சத்தம் என்னவோ பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

"மெல்லக் கதையுமப்பா. படலையடியில வந்திட்டாள்."

"வரட்டும். முப்பது வருசமா நீங்கள் யன்னலால புத்தகம் நீட்டின சனம். இண்டைக்கு என்ன, புதுசா ஞானம் பிறந்திட்டுதோ?"

"ஞானமுமில்லை, ஒண்டுமில்லை. ஆள் காணாது."

இரத்தினசிங்கத்தார் உண்மை பேசுவது அபூர்வம். துறைமுகக் கந்தோரில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசிகசாலைக்குத் தலைவரும் அவர்தான், நூலகரும் அவர்தான். அன்று அவசரத்தில் உண்மை வாய் தவறி வந்துவிட்டது. ஆள் காணாது. கூட்டத்துக்கு ஆள் போதாது, விஷயம் முழுவதும் அதுதான்.

துறைமுக வீதியிலிருந்து இறங்கும் முன்லேனின் முகப்பில் வித்தியாவிருத்தி வாசிகசாலை நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். ஓட்டுக்கூரை, ஒன்றரை முழச் சுவர், நெற்றியில் 1938 என்று செதுக்கிய கல். அந்தக் கல்லையும் சுண்ணாம்பையும் சுமந்தவர்கள் பின்லேன்காரர். ஊரின் குப்பையையும் கக்கூசு வாளியையும் தூக்கவென்று எங்கிருந்தோ கொண்டுவந்து குடியிருத்தப்பட்டவர்களின் பிள்ளைகள். கட்டி முடிந்ததும் முன்லேன்காரர் கூடியிருந்து பெரிய மனது பண்ணினார்கள்: அதுகளும் வாசிக்கட்டும், வெளியே நின்று. அதற்கென்றே மேற்குச் சுவரில் ஒரு யன்னல். 'யன்னல் வாசகர்' என்று அட்டையில் எழுதித் தனியாக ஒரு கொப்பி. ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது கட்டடத்தின் கண்ணாடி எல்லாம் நொறுங்கியதாம். முதல் வேலையாகத் திருத்தப்பட்டது அந்த யன்னல்தானாம்.

தெருவில் ஆடுமாடுபோலத் திரியும் ஊர் மான்கள் வெயிலுக்கு ஒதுங்கி வாசிப்பு மேசைக்குக் கீழே படுத்துக் கிடக்கும். அன்றைய பத்திரிகையையும் சப்பித் தின்னும். சூ என்று துரத்துவார்கள், அவ்வளவுதான். பின்லேன் பெண் ஒருத்தி மழைக்கு உள்ளே ஒதுங்கிய அன்று மட்டும் தரை கழுவினார்கள்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் முன்லேன் முழுவதும் பூட்டை மாட்டிவிட்டு ஓடியது. புத்தகங்களைச் சாக்கில் கட்டித் தன் குடிசைக்குள் அடுக்கிக் காப்பாற்றியவர் குப்பை வண்டிக்காரர் தம்பு. அமைதி திரும்பி, முன்லேனும் திரும்பியதும் ஒன்று குறையாமல் கொண்டுவந்து கொடுத்தார். மிகவும் நன்றி சொல்லி வாங்கினார்கள், யன்னலால்.

சாதி என்று இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. காலம் மாறிவிட்டது. 'எவரும் அங்கத்தவராகலாம்' என்று பலகையே தொங்குகிறது. விண்ணப்பத்தில் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், இரண்டு அங்கத்தவர் கையெழுத்து வைத்தால் போதும். பின்லேன்காரருக்குக் கையெழுத்து வைக்க எண்பது சொச்சம் வருடமாக முன்லேனில் ஒருவருக்கும் பேனை அகப்படவில்லை.

இப்போது அகப்பட்டது ஏனென்றால், உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் நடத்தும் முதலாளி ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பழசை இடித்துவிட்டு ஏசி போட்ட கலியாண மண்டபம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அலுமாரி. அதற்கு 'வாசிப்பு மூலை' என்று பெயர். மண்டப நெற்றியில் பொன்னெழுத்தில் இரத்தினசிங்கத்தாரின் தகப்பனார் பெயர். அந்த மனிதர் வாழ்நாளில் ஊன்றி வாசித்தது கப்பல் வரும் நேர அட்டவணை ஒன்றைத்தான். அதனாலென்ன? பெயர் நின்றால் சரி.

ஆனால் வாசிகசாலையின் சட்டவிதிகள் அடங்கிய யாப்பு குறுக்கே நின்றது. கட்டடத்தில் கை வைப்பதென்றால் முப்பது அங்கத்தவர் நேரில் கூட வேண்டும், பெரும்பான்மையோர் கை உயர்த்த வேண்டும். எண்ணிப் பார்த்தால் புவனேஸ்வரியையும் சேர்த்து முன்லேனில் மிச்சம் பதினாலு பேர். மற்றவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மயானத்திலும்.

"கனடாவில இருக்கிறவங்க வாட்ஸ்அப்பில கை தூக்க ஏலாது ஐயா. ஆள் முன்னுக்கு இருக்கணும்" என்று சட்டத்தரணி ஸெய்னுதீன் கையை விரித்துவிட்டார்.

ஆகவேதான் சுதர்ஷினி கதிரையில். தம்புவின் மகள்; பின்லேனில் முன்பள்ளி ரீச்சர். பிள்ளைகளுக்கென்று கிழமைக்குக் கிழமை யன்னலடியில் வந்து நிற்பவள். கதிரையின் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பாள் என்று இரத்தினசிங்கத்தார் நினைத்தார். அவள் நன்றாகச் சாய்ந்தே இருந்தாள்.

"பிள்ளை, உங்கட ஆக்களில வாசிக்கிற, நல்ல ஆக்களாப் பாத்து, உம்மையும் சேர்த்து ஒரு பதினேழு பேரை அங்கத்தவராச் சேர்த்துவிடும். முன்மொழியிறது நான். வழிமொழியிறது இவ."

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"திடீரெண்டு ஏன் ஐயா?"

"காலம் மாறோணும் பிள்ளை. ஆரோ ஒராள் தொடங்கத்தானே வேணும்?" சொன்னபோது அவருக்கே புல்லரித்தது. "வாற ஞாயிறு சின்னக் கூட்டம் ஒண்டு. நான் கை தூக்கேக்க நீங்களும் தூக்கினாக் காணும்."

"என்னத்துக்குத் தூக்கிறது?"

மண்டபத்தைப் பற்றிச் சொன்னார். ஏசியைப் பற்றிச் சொன்னார். வாசிப்பு மூலையைக் கைகளை விரித்து, இருக்கப்போவதைவிடப் பெரிதாகக் காட்டினார்.

சுதர்ஷினி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தங்கச்சிக்குப் பேசி முடிச்சிருக்கு ஐயா. மண்டபம் எழும்பினா அவளின்ர கலியாணத்தை அதில வைக்கலாமோ?" என்றாள்.

இரத்தினசிங்கத்தார் மேலே சுற்றும் மின்விசிறியை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டவர்போலப் பார்த்தார்.

"அது... முதலாளியோட கதைச்சுத்தான்... பிறகு பாப்பம் பிள்ளை."

"நல்லாத்தான் இருக்கும்!" என்றது குசினி.

சுதர்ஷினி எழுந்தாள். விண்ணப்பத் தாள்களை வாங்கி, மடிப்பு விழாமல் பைக்குள் வைத்தாள். "பதினேழும் நிரப்பிக் கொண்டுவாறன் ஐயா."

"பாத்தீரோ, எவ்வளவு நன்றியுள்ள பிள்ளை!" என்று இரத்தினசிங்கத்தார் மனைவியிடம் சொன்னார். நிரப்பி வந்த பதினேழு தாளிலும் கையெழுத்து வைக்க அவருக்கு இருபது நிமிடம் பிடித்தது. புவனேஸ்வரிக்கு இரண்டு நாள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் தலையிடி வந்தது.

ஞாயிறு நாலு மணி. பதினேழு பேரும் முழுகி, மடிப்பு உடுப்பு உடுத்தி, வாசிகசாலையின் முன்வாசலால் உள்ளே வந்தார்கள். முன்லேன்காரர் கதிரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மற்றப் பக்கம் நகர்த்தினார்கள். காற்று அங்கேதான் நன்றாக வருகிறதாம். பதினேழு பேரில் கடைசியாகத் தம்பு வந்தார். உட்காராமல், புத்தக அலுமாரிகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைவர் உரை முக்கால் மணித்தியாலம். சமத்துவம் என்ற சொல் ஒன்பது தடவை வந்தது.

"இடிச்சுக் கட்டுறதுக்கு ஆதரவு?" ஸெய்னுதீன் எண்ணினார். நித்திரையிலிருந்த ஒருவரின் கையைப் பக்கத்தில் இருந்தவர் தூக்கிப் பிடித்தார். அதோடு சேர்த்துப் பதினாலு.

இரத்தினசிங்கத்தார் தூக்கிய கையோடு திரும்பிப் பார்த்தார். பின்லேன்காரர் கைகள் மடியில் இருந்தன. தன்னைக் காணவில்லையாக்கும் என்று கையை இன்னும் உயர்த்தி ஆட்டினார்.

"எதிர்ப்பு?"

சுதர்ஷினியின் கை முதலில் எழுந்தது. பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக. பதினேழு.

"இதென்ன விளையாட்டு? நேற்றுச் சேர்ந்த ஆக்கள் எப்பிடி எதிர்க்கிறது?"

"முந்திச் சேர்ந்த ஆள், பிந்திச் சேர்ந்த ஆள் எண்டு யாப்பில இல்ல ஐயா" என்றார் ஸெய்னுதீன். "கையெழுத்து உங்கட. மத்தது உங்கட மனுசிட."

புவனேஸ்வரி புருஷனைப் பார்த்த பார்வையில் அந்த வீட்டில் ஒரு கிழமைக்குச் சோறு கிடையாது என்று எழுதியிருந்தது.

"நான் சேர்க்காட்டி இதுக்குள்ள கால் வைச்சிருப்பியளோ?" இரத்தினசிங்கத்தார் கேட்டார்.

"இல்லை ஐயா" என்றாள் சுதர்ஷினி. "இப்பதானே உள்ளுக்க வந்தனாங்கள். அதுக்குள்ள இடிக்க மனம் வரேல்லை."

முன்லேன்காரர் வடையைக்கூடத் தொடாமல் கலைந்தார்கள். இரத்தினசிங்கத்தார் கதவைப் பூட்டத் திறப்பை எடுத்தபோது தம்பு குறுக்கே வந்தார்.

"ஐயா, புத்தகம் ஒண்டு எடுக்கோணும்."

"என்ன புத்தகம்? சொல்லும், எடுத்துத் தாறன்."

"வேண்டாம் ஐயா. நான் பாத்து எடுக்கிறன்."

நாற்பது வருடமாக எது நீட்டப்பட்டதோ அதை வாசித்த மனிதர். சமையல் குறிப்பும் வாசித்தார், சோதிடமும் வாசித்தார், அட்டை கிழிந்த ஒரு நாவலின் இரண்டாம் பாகத்தை மட்டும் மூன்று தடவை வாசித்தார். இப்போது அலுமாரி அலுமாரியாகப் போனார். எடுத்தார், முதற்பக்கம் வாசித்தார், வைத்தார். பொழுது சரிந்தது. ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கடல் மீன்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றோடு வந்தார்.

இரத்தினசிங்கத்தார் பழக்கத்தில் யன்னல் கொப்பியை இழுத்தார். சுதர்ஷினி அங்கத்தவர் இரவல் பதிவேட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். அதில் பெயருக்கு முன்னால் 'திரு' என்று அச்சடித்தே இருந்தது. அதன்பின் 'தம்பு' என்று எழுதினார்.

"எப்ப திருப்பித் தரோணும் ஐயா?"

யன்னல்காரருக்கு ஏழு நாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அங்கத்தவருக்கு? மேல் வரியைப் பார்த்தார், கடைசிப் பதிவு பதினொரு வருடத்துக்கு முந்தியது, திருப்பித் தரும் நாள் எழுதப்படவில்லை. முன்பக்கம் புரட்டினார், யாப்பைப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். வாசிகசாலைத் தலைவருக்குத் தெரியவில்லை.

"பாத்துச் சொல்லுங்கோ ஐயா, அவசரமில்லை" என்று தம்பு வாசிப்பு மேசையில் அமர்ந்து, முதல் மீனிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.