கடைசியாக வந்த நல்ல படம்

அச்சகத்தில் அவனுக்குத் துல்லியம் என்றுதான் பெயர். அட்டைப்படத்தில் சிவப்பு ஒரு மயிரிழை கூடினாலும் மிஷினை நிறுத்தச் சொல்லிவிடுவான். வேலையில் அது நல்ல குணம். வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் சட்டையோடு கழற்றி மாட்டத் தெரியாதவனோடு காலம் தள்ளுவது எத்தனை கஷ்டம் என்பதை அவனுடைய அண்ணியைக் கேட்டால் சொல்வார்.

அண்ணன் மாடியறையில் படுத்திருந்தார். நுரையீரல் கெட்டுப்போய், ஆக்சிஜன் மிஷின் தரும் காற்றில்தான் நாள் ஓடியது. கூப்பிடக் குரல் எழும்பாது. அதனால் அறையில் ஒரு கேமராவை வைத்து, கீழே கூடத்து டிவியில் இணைத்திருந்தார்கள். அண்ணன் வலது கையைத் தூக்கினால் உடனே மாடிக்கு ஓட வேண்டும். தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவர். அண்ணி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்காகவே அவன் மாலை ஷிஃப்ட் வாங்கியிருந்தான்.

படம்தான் மோசம். எறும்பு மொய்த்த மாதிரி எந்நேரமும் புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டிருக்கும்.

"கை எது, போர்வை எதுன்னே தெரியல அண்ணி."

"எனக்குத் தெரியுது தம்பி. ஓடுற வரைக்கும் ஓடட்டும், விடுங்க."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவன் விடுவானா? மறுநாளே ஒரு வீடியோ பிராசஸர் வாங்கப் போனான். கடைக்காரர் அதைத் தடவிக் கொடுத்தபடி சொன்னார்: "புள்ளியெல்லாம் துடைச்சு எடுத்துடும் சார். நடுவுல லைன் கட்டானாலும் டிவி கருக்காது. கடைசியா வந்த நல்ல படத்தை அப்படியே புடிச்சு வெச்சுக்கும். பார்க்கிறவங்களுக்குத் தொந்தரவே இருக்காது."

"அதையும் போட்டே குடுங்க" என்றான். யாருக்குத் தொந்தரவு, எதற்குத் தொந்தரவு என்று அங்கேயே ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். புத்தி என்ன, கேட்டபோதெல்லாமா வருகிறது?

பெட்டியை மாட்டியதும் எறும்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. போர்வையின் மடிப்புகூடத் தெரிந்தது. அண்ணியே கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் மதியம், மூன்று மணி தாண்டி, மாடிக்குப் போகும் லைனில் ஃப்யூஸ் போனது. கூடத்து லைன் வேறு. இங்கே மின்விசிறி சுற்றியது, டிவி எரிந்தது. மேலே ஆக்சிஜன் மிஷினும் நின்றது, கேமராவும் நின்றது. கரண்ட் போன மிஷின் கீச் கீச்சென்று கத்தியது. தெருவில் எவனோ வண்டியைப் பின்னால் எடுக்கிறான் என்று நினைத்து, எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

டிவியில் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அறையின் திரைச்சீலை காற்றில் உப்பியிருந்தது. உப்பியது உப்பியபடியே இருந்தது. 'ஒரு துளி நடுக்கம் இருக்கா பாரு' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டான். உதடு, நகம் நீலம் பூத்தால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். டிவிக்கு அருகில் போய், அச்சகத்தில் தாளைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தான். நகம் இளஞ்சிவப்பாக இருந்தது, உதடும் அப்படியே. இத்தனை நாளில் அண்ணன் இவ்வளவு அமைதியாகத் தூங்கி அவன் பார்த்ததில்லை. அவனுக்குக் கண் கலங்கியது.

நாலு மணிக்கு அண்ணி வந்தார். "எப்படி இருக்கார்?"

"நீங்களே பாருங்க. ஒரு மணி நேரமா அசையாம தூங்குறார். நான்தான் எழுப்ப வேணாம்னு மேல போகல."

அண்ணி டிவியைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "நல்லா தூங்கட்டும். மாத்திரை நேரமாச்சு, குடுத்துட்டு வந்துடறேன்" என்று படியேறினார்.

அண்ணி அறைக்குள் நுழைவது இந்தப் படத்தில் எவ்வளவு சுத்தமாகத் தெரியும் என்று பார்க்க ஆசைப்பட்டு, அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தான். படியில் காலடி கேட்டது. தலைக்கு மேலே கதவு திறந்தது. காலடி கட்டில்வரை போய் நின்றது.

படத்தில் யாரும் வரவில்லை.

"தம்பி!" என்று மேலே அண்ணி அலறினார்.

டிவியில் அண்ணன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.