சொல்லாமல் பொருத்திய பெட்டி

பாகம் பிரித்தபோது பிக்கப் வண்டி அண்ணனுக்குப் போனது. அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற டிரெய்லர் தம்பிக்குப் போனது. வண்டி இல்லாவிட்டால் டிரெய்லர் வெறும் இரும்புக் கட்டில்; டிரெய்லர் இல்லாவிட்டால் அந்த வண்டியால் குவாரிக் கல்லில் கால்வாசிகூட இறக்க முடியாது. இரண்டையும் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உறவுக்காரர்கள் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தார்கள். இருவரும் மசியவில்லை. கடைசியில் வாரத்தில் மூன்று நாள் இரண்டும் சேர்ந்து அண்ணனுக்கு, மூன்று நாள் தம்பிக்கு, ஏழாம் நாள் ஓய்வு என்று முடிவாயிற்று. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் சாவி கைமாற ஓர் இடம் வேண்டுமே? மெக்கானிக்கின் பட்டறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தார்கள்.

மெக்கானிக், அந்த இருவருக்கும் நடுவில் பிறந்தவளின் கணவர். அண்ணனுக்கு மாப்பிள்ளை, தம்பிக்கு மாமா. காலையில் ஒரு நிமிடம் கண்மூடிக் கடவுளை நினைத்த பிறகுதான் ஸ்பானரைத் தொடுவார். ஆணியில் தொங்கும் சாவியைப் பார்க்கும்போதெல்லாம், பேச வேண்டிய இரண்டு வாய்களுக்குப் பதிலாக இந்த இரும்புத் துண்டு பேசிக்கொண்டிருக்கிறதே என்று அவருக்கு மனம் கசியும்.

குவாரியிலிருந்து இறங்கும் பாதை செங்குத்தானது, மூன்று வளைவு. ஒரு நாள் தம்பி பாரத்தோடு இறங்கும்போது, இரண்டாவது வளைவில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டுவிட்டது. ஓரத்தில் கிடந்த மணல் குவியலில் வண்டியை ஏற்றித்தான் நிறுத்தினான். சக்கரங்களிலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. அவனுடைய டிரெய்லர் என் வண்டியின் பிரேக்கைத் தின்றுவிட்டது என்றார் அண்ணன். அவருடைய வண்டி என்னைத் தின்னப் பார்த்தது என்றான் தம்பி. இரண்டும் மெக்கானிக்கின் காது வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன.

அண்ணன் ரோஷக்காரர். வண்டிக்குப் பெரிய டிஸ்க், தடித்த பேட், புதுக் குழாய், புது பிரேக் ஆயில் என்று எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். மெக்கானிக் இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே தன் மனதில் இருந்ததைச் சொன்னார். டிரெய்லர் சக்கரத்துக்குள்ளேயும் கரண்டில் வேலை செய்கிற பிரேக் இருக்கிறது. பல வருஷமாகச் செத்துக் கிடக்கிறது. அதற்கு உயிர் கொடுக்க வேண்டும். டிரைவர் பெடலை மிதிக்கும்போது அதற்கும் சேதி சொல்ல, வண்டிக்குள் கை அகலத்தில் ஒரு பெட்டி வைக்க வேண்டும்.

"வண்டி மட்டும் நின்னா போதாது மச்சான். பின்னாடி வர்ற பாரமும் நிக்கணும்ல."

"பின்னாடி வர்றது யாரு சொத்து?"

"தம்பியோடது."

"அப்போ அவனைப் போய்க் கேளு மாப்ளே. அவன் டிரெய்லருக்காக என் வண்டியில ஒரு திருகாணி ஏறினாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

தம்பியிடம் போனால், அவன் சிரித்தான். "பெட்டி அவர் வண்டிக்குள்ள தானே உக்காரப் போகுது? அவர் வண்டிக்கு நான் ஏன் மாமா நகை போடணும்? வேணும்னா டிரெய்லர் மேல ஒரு ஆளை உக்கார வைக்கிறேன். இறக்கம் வந்தா அவன் குதிச்சுப் பிடிச்சு இழுக்கட்டும்."

ஏழாம் நாள் இரண்டும் பட்டறையில் சும்மா நின்றன. மெக்கானிக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். டிரெய்லரின் நான்கு சக்கரங்களையும் கழற்றி, துரு சுரண்டி, தேய்ந்ததை மாற்றி, புது ஒயர் இழுத்தார். பெட்டியை டேஷ்போர்டுக்கு அடியில், கண்ணுக்குப் படாமல் உள்ளே தள்ளிப் பொருத்தினார். பெடலை மிதித்துப் பார்க்க மனைவியைத்தான் உட்கார வைத்தார். அவள் மிதிக்க மிதிக்க, பின்னால் சக்கரங்கள் கப்பென்று பிடித்தன.

"அண்ணன்கிட்டயும் தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றாள் அவள்.

"செஞ்சதைச் சொல்லிக் காட்டினா அது உதவியா? மேல இருக்கிறவனுக்குத் தெரிஞ்சா போதும்."

அவர் மனதாரத்தான் சொன்னார். ஆனால் அந்த அடக்கத்துக்குள் கொஞ்சம் பயமும் ஒளிந்திருந்தது. சொன்னால் சண்டை வரும், பெட்டியைக் கழற்றச் சொல்வார்கள். பயத்துக்கு அடக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டதை அவர் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

இரண்டு மாதம் வண்டி பூப்போல இறங்கியது. பெரிய டிஸ்க்கின் மகிமை என்று அண்ணன் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினார். தம்பிக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. பாரத்தைக் கூட்டினான், வளைவுகளில் கியரைக் குறைப்பதைக்கூட விட்டுவிட்டான். மெக்கானிக் இரண்டு பேச்சையும் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு பிறகு அவருக்கு நெஞ்சில் முள்ளாயிற்று.

ஒரு நாள் அண்ணனின் கையிலிருந்து கண்ணாடிக் கூடு நழுவி டேஷ்போர்டுக்கு அடியில் விழுந்தது. குனிந்து துழாவியபோது பெட்டி கையில் தட்டுப்பட்டது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது பின்னால் டிரெய்லர் கொக்கிக்குப் போனது. தம்பிதான் திருட்டுத்தனமாகத் தன் வண்டியைத் துளைத்திருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார். கட்டிங் பிளேயரை எடுத்து ஒயரைத் துண்டித்தார். பெட்டியைப் பிடுங்கி ஒரு பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று மெக்கானிக் சாமான் வாங்க வெளியே போயிருந்தார். அண்ணன் எப்போதும் போலச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தம்பியின் முறை.

கூடுதல் பாரம், அதே வேகம், அதே இரண்டாவது வளைவு. மிதித்ததும் வண்டி நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. அது முட்டித் தள்ளியதில் வண்டி குறுக்கே மடங்கி, டிரைவர் பக்கக் கதவோடு தடுப்புச் சுவரில் நசுங்கியது. உயிர் தங்கியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நசுங்கிய வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்த மெக்கானிக்குக் கண்ணில் பட்டது அந்த ஒயர் முனைதான். அறுந்த ஒயர் பிய்ந்திருக்கும். இது கத்தரித்தது போல மழமழவென்று இருந்தது. அதைக் கையில் பிடித்தபடி அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

நான்காம் நாள் அண்ணன் பட்டறைக்கு வந்தார். பையைத் திறந்து பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"இது அவன் வச்சது தானே?"

"நான் வச்சது மச்சான்."

அண்ணன் பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ளே?"

வெட்டுவதற்கு முன்னால் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மெக்கானிக்கின் நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். சொல்லாமல் விட்டது முதலில் அவர்தானே.

அந்த நேரம் மனைவி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி மூடிக்கொண்டு வந்தாள். அண்ணன் எழுந்து கையை நீட்டினார். அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள்.

வாசலில் மெக்கானிக் அவரை நிறுத்தினார். "நர்ஸ்கிட்ட குடுத்துட்டு வந்துடாதீங்க மச்சான். பெட்டி வச்சது நான்னு அவன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். வெட்டினது யாருன்னு சொல்லலை. அது நீங்க சொல்ல வேண்டியது."

அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். சாவி இல்லாமல் வெறுமையாக இருந்த ஆணியில் தூக்கை மாட்டினார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான்."

மெக்கானிக்கின் மனைவி தூக்கைத் திறந்து பார்த்தாள். கஞ்சி ஆடை படிந்து அப்படியே இருந்தது. மறுநாளும் அண்ணன் வந்து கையை நீட்டினார். அன்றும் தூக்கு நிறைந்தே ஆணிக்கு வந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். இனி போகாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. மெக்கானிக் மட்டும் காலையில் கண்மூடி நிற்கும் ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டார். பழையபடி அவருக்கு அதில் அமைதி கிடைக்கவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் அவர் மனைவி தூக்கைத் திறந்தபோது, விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை குறைந்திருந்தது. தம்பி ஒரு வாய் குடித்தானா, இல்லை வழியில் சிந்தியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. மிச்சத்தைக் கொட்டி, தூக்கைக் கழுவி, மறுநாளைக்காகக் கவிழ்த்து வைத்தாள்.