நாலாவது வாயு

சித்தப்பா வால்வைத் திருகியதும் புஸ்ஸென்று சத்தம் வந்தது. செம்புக் குழாயின் வாயில் வெள்ளையாகப் பனி படிந்தது. மொட்டைமாடியில் பழைய ஏசிப் பெட்டிகள் மூன்று இருந்தன. மூன்றுக்குமே கம்ப்ரசர் போய்விட்டது. கழற்றி எடுக்க வந்திருந்தோம். முதல் பெட்டியின் வாயு இரண்டே நிமிடத்தில் காற்றோடு போனது.

“இந்தா, எழுதிக் கையெழுத்துப் போடு.” படிவத்தை நீட்டினார்.

வாயுவைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடிக்க வேண்டும் என்பது விதி. ‘சிலிண்டரில் பிடித்த வாயு’ என்ற இடத்தில் ஒரு கிலோ என்று நான் எழுத வேண்டும். எங்கள் கடையில் வாயு பிடிப்பதற்கான பரீட்சை எழுதிப் பாஸானவள் நான் ஒருத்திதான். என் கையெழுத்து இல்லாமல் படிவம் செல்லாது. படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தபின் கிடைத்த வேலை. நான்கு மாதமாக வாயைத் திறக்காமல் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று எழுதினேன்: பிடித்தது, பூஜ்யம். காற்றில் விட்டது, ஒரு கிலோ.

“என்னம்மா இது? லைசென்ஸுக்கு வேட்டு வைக்கிறியா?”

“நடந்ததைத்தான் எழுதியிருக்கேன் சித்தப்பா.” என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“கரி எரிக்கிறவனை விட்டுட்டே. ஏப்பம் விடுற மாட்டை விட்டுட்டே. வயல்ல உரம் கொட்டுறவனை விட்டுட்டே. என் கழுத்துதான் கிடைச்சுதா?”

“கரியில கார்பன் டை ஆக்சைடு வருது. மாட்டுல மீத்தேன், உரத்துல நைட்ரஸ் ஆக்சைடு. அதையெல்லாம் என்னால நிறுத்த முடியாது. இந்த ஏசி வாயு நாலாவது. நம்ம கை திருகினாத்தான் வெளிய வரும். இதுல ஒரு கிலோ விட்டா, ரெண்டு டன் கார்பன் டை ஆக்சைடு விட்ட மாதிரி.”

“அடேங்கப்பா! உனக்கு வாய்கூட இருக்கா?” படிவத்தைக் கிழித்தார். “வேற எழுது.”

அதையேதான் எழுதினேன். அதையும் கிழித்தார். மூன்றாவதை எடுத்தேன்.

“நாளையிலேர்ந்து கடைப் பக்கம் வராதே.”

“சரி. ஆனா இன்னைக்கு இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு.”

இரண்டாவது பெட்டியின் முன்னால், வால்வை முதுகால் மறைத்து உட்கார்ந்தேன். தரை கொதித்தது. எழவில்லை.

சித்தப்பா ஸ்பேனரைத் தரையில் போட்டார். “எங்க அண்ணன் பொண்ணாச்சே, வேற எப்படி இருக்கும்” என்று முனகிவிட்டு, கடையிலிருந்த சித்திக்கு போன் போட்டார்.

“அந்த கேஸ் பிடிக்கிற மிஷினை வண்டியில ஏத்தி அனுப்பு... ஆமா, இன்ஸ்பெக்டர் வந்தா காட்டுறதுக்கு வாங்கினோமே, அதான்... பிளாஸ்டிக் உறையைப் பிரிச்சிடு.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “முதல் பெட்டிக்கு மட்டும் பிடிச்சது ஒரு கிலோன்னு போட்டுடும்மா.”

“போட மாட்டேன்.”