எனக்கு பிளம் போதும்

ஷிங்கோவால் ஒரு இடத்தில் உட்காரவே முடியவில்லை. மரத்துப்போன காலை மாற்றி மாற்றி மடக்கினான். பெண் கேட்க வந்தவனை சயாகாவின் அப்பா குவாஹாரா நேரே விலாங்குமீன் கடைக்குக் கூட்டிவந்துவிட்டார், தன் செலவில். சுவரில் மூன்றே பலகைகள். பலகைக்கு ஒரு ஜப்பானியச் சித்திர எழுத்து: பைன், மூங்கில், பிளம். மரத்தின் பேர்தான் சாப்பாட்டின் தரம். விலை போடவில்லை.

போட வேண்டிய அவசியமும் இல்லை. எந்தக் கடையிலும் பைன்தான் உசத்தி, மூங்கில் நடுத்தரம், பிளம் கடைசி. பைன் கேட்டால் சாப்பாட்டுக்கு அலைகிறான் என்பார். மூங்கிலை அவரே தனக்குச் சொல்லிவிட்டார். அவருக்குச் சரிசமமாக இவன் எப்படிக் கேட்பது?

"என்ன தம்பி, பலகைய முறைச்சா மீன் வந்துருமா? சீக்கிரம் சொல்லுங்க, பசிக்குது."

"எனக்கு பிளம் போதுங்க ஐயா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சயாகா மேசைக்கு அடியில் அவன் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். இவ்வளவு அடக்கமாகச் சொன்னதற்கா கிள்ளு? சாப்பாடு வரும்வரை அவனுக்கு அதே குடைச்சல்.

வந்தது. குவாஹாராவின் பெட்டியில் சோற்றின்மேல் மூன்று துண்டு மீன். ஷிங்கோவின் பெட்டிக்கு மூடியே உட்காரவில்லை. மீன் இரண்டு அடுக்காக இருந்தது, விளிம்புக்கு வெளியேயும் தொங்கியது.

"இந்தக் கடையில எல்லாம் தலைகீழ்," சயாகா பல்லைக் கடித்தாள். "பிளம்தான் உசத்தி, மக்கு!"

ஷிங்கோவுக்குக் காது சுட்டது. குவாஹாரா தன் பெட்டியைப் பார்த்தார், அவன் பெட்டியைப் பார்த்தார்.

"முப்பது வருஷமா வர்றேன். இங்க பிளம் கேக்க எனக்கே துணிச்சல் வந்ததில்ல." சாப்பிடும் குச்சிகளை அவன் பெட்டிப் பக்கம் நீட்டினார். "ஒரு துண்டை இப்படித் தள்ளுங்க, மாப்ள."