லோஷினியின் கடிகாரம்

பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கப்போவதாகச் சுகுமாறன் சொன்னபோது, பகாவ் நகரத்து இரவுச் சந்தையான பசார் மாலாமில் தொங்கும் கரடிப் படம் போட்ட கடிகாரத்தைத்தான் அவன் மனைவி தனலெட்சுமி நினைத்துக்கொண்டாள். லோஷினிக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. பத்து வரைக்கும் எண்ணுவாள், அதிலும் ஏழை விட்டுவிடுவாள்.

“ஊதா கலர்ல கேட்டுக்கிட்டே இருக்கா. இந்த வாரம் பசார்ல பாப்போம்,” என்றாள்.

“அது இல்ல தனம். நல்ல வாட்ச். சுவிஸ் வாட்ச். சிரம்பான்ல விக்கிறாங்கல்ல, அந்தக் கடையில.”

“நாலு வயசுப் புள்ளைக்கா?”

“இப்பப் போட இல்ல. பெரிய புள்ள ஆனதும் குடுக்கறதுக்கு. அதுக்கப்புறம் அவ புள்ளைக்கு.”

தனலெட்சுமி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் மாணவர்களைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். சுகுமாறன் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை அறுத்து எண்ணெய் ஆலைக்கு ஏற்றிவிடும் காண்டிராக்காரன். பழைய லோரியை விற்ற பணம் கையில் இருந்தது. அதில் சமையற்கட்டுக் கூரையை மாற்றலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

“பொம்பளப் புள்ளைக்குச் சேத்து வைக்கணும்னா நகை வாங்குங்க.”

“நகையா? எங்கம்மா தோடு அவங்க காதுல இருந்ததவிட அடகுக் கடையில இருந்ததுதான் அதிகம்.”

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள். தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் சொன்னான்.

கோலா பிலா பக்கம் ஜீவானந்தன் என்ற பல் மருத்துவருக்குக் கொஞ்சம் செம்பனை நிலம் இருந்தது. குலை அறுக்கும் வேலையைச் சுகுமாறனிடம் விட்டிருந்தார். போன மாதம் மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் கையில் முகம் மஞ்சளித்துப்போன ஒரு பழைய கடிகாரத்தைப் பார்த்தான். புதுசாய் ஒன்று வாங்க அவருக்கு வசதி இல்லாமலா என்று யோசித்தான். அவரே சொன்னார்.

“இது அப்பப்பாட மணிக்கூடு, தம்பி. அவருக்குப் பிறகு அப்பா கட்டினவர். இப்ப நான் கட்டுறன்.” பிறகு மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். “மணிக்கூட்டோட சேத்து இதையும் எனக்குத் தந்திட்டுப் போயிட்டார்.”

அந்த அப்பப்பா ஒரு காலத்தில் அங்கே ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாய் இருந்தவர். சுகுமாறனின் தாத்தா அதே தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தால் போதும், வேறு கடிகாரம் தேவைப்படவில்லை. அதெல்லாம் சுகுமாறனை உறுத்தவில்லை. உறுத்தியது அந்த மூக்குதான். லோஷினி அவர்கள் பெற்ற பிள்ளை அல்ல. கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து, மருத்துவமனைகளுக்கு நடந்து அலுத்து, கடைசியில் கைக்குழந்தையாய்த் தூக்கி வந்த பிள்ளை. போன வருடம்தான் நீதிமன்றத்தில் எல்லாம் முடிந்து, பிறப்புப் பத்திரத்தில் அவர்கள் பெயர் ஏறியது.

“என் மூக்கு அவளுக்குப் போகாது,” என்றான் சுகுமாறன். “சரி, போகட்டும். கையில கட்டுற மாதிரி ஒண்ணாச்சும் போகட்டுமே.”

தனலெட்சுமி வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கழுவி வைத்துவிட்டு வந்து, “கடை ஞாயித்துக்கெழம தொறந்திருக்குமா?” என்று கேட்டாள்.

கடையில் ஷங்கர் என்ற இளைஞன் அவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். அப்படிப்பட்ட கடைக்குள் சுகுமாறன் நுழைவது அதுதான் முதல் தடவை. இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஆனால் நகக்கண்ணில் ஏறிய செம்பனை எண்ணெய்க் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டான்.

“யாருக்குண்ணே? உங்களுக்கா, மகனுக்கா?”

“மகளுக்கு.”

“பெரிய பொண்ணாண்ணே?”

தனலெட்சுமி லோஷினியைக் கண்ணால் காட்டினாள். அவள் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை அழுத்தி, ஆவி படர ஊதிக்கொண்டிருந்தாள். ஷங்கர் சிரிக்கவில்லை. பிள்ளை கைக்குழந்தையாய் இருக்கும்போதே வாங்கி வைக்கிறவர்கள் உண்டு என்றான். முதலில் கல் பதித்த சின்னக் கடிகாரங்களை எடுத்து வைத்தான். தனலெட்சுமி வேண்டாமென்று தலையசைத்தாள்.

“இது கல்யாண வீட்டுக்குப் போட்டுட்டுக் கழட்டி வைக்கறது. தெனம் போடற மாதிரி காட்டுங்க தம்பி. அவ டாக்டரா போவாளோ, லோரி ஓட்டுவாளோ, யாருக்குத் தெரியும்?”

கடைசியில் ஒன்று இருவருக்கும் பிடித்தது. இரும்புப் பட்டை, கல் எதுவும் இல்லை, கருநீல முகம், மெல்லிய வெள்ளை முட்கள். ஆண் கட்டினாலும் பெண் கட்டினாலும் ஒத்துப்போகும் அளவு. பின்பக்கம் பெயர் பொறித்துத் தரலாம் என்று ஷங்கர் சொன்னான். சுகுமாறன் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். என்ன எழுதுவது என்று வாயைத் திறப்பதற்குள் தனலெட்சுமி குறுக்கிட்டாள்.

“இப்ப வேணாங்க. அவ பெரியவளாகி அவளுக்குப் புடிச்சத எழுதிக்கட்டும்.”

அவனுக்குச் சின்ன ஏமாற்றம். ஆனால் யோசித்தபோது அதுவும் சரியாகத்தான் பட்டது. கடிகாரத்தைப் பராமரிக்கும் முறையை ஷங்கர் விளக்கத் தொடங்கிய நேரத்தில் லோஷினி கடைக்கு வெளியே ஓடினாள். சுகுமாறன் அவளைத் துரத்திக்கொண்டு மின்படிக்கட்டு வரை போனான். தனலெட்சுமி கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். ஷங்கர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

கடிகாரம் படுக்கையறை அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரம் கழித்து சுகுமாறனின் அக்காள் மங்கம்மா வந்தாள். பகாவ் டவுனில் குடியிருக்கிறாள். அவள் மகன் புனிதனுக்குச் செண்டாயானில் தொழிற்சாலை வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். தாய் போன பிறகு சுகுமாறனை வளர்த்தவள் அவள்தான். அவன் வாழ்க்கையில் எது நடந்தாலும் முதல் கருத்து அவளுடையதாக இருக்கும். லோஷினி வந்ததிலிருந்து மட்டும் கருத்துச் சொல்வதை அவள் குறைத்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், ‘அந்தப் புள்ள’ என்பாள்.

சுகுமாறன் பெருமையோடு பெட்டியைத் திறந்து காட்டினான். மங்கம்மா கடிகாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மணி என்னடா இப்ப?”

“பதினொண்ணு இருக்கும்.”

“இதுல நாலேகால்னு காட்டுது. முள்ளே ஓடல.”

அவன் வாங்கிக் குலுக்கினான். விநாடி முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடியும் குலுக்கினான்.

“ஏமாத்திட்டான் போல,” என்றாள் மங்கம்மா. பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, தனலெட்சுமிக்கும் கேட்கும்படி சொன்னாள், “இவ்ளோ காச கொட்டி வாங்கணுமா? யாரு பெத்த புள்ளைக்கோ.”

கூடத்தில் லோஷினி வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். சுகுமாறன் அக்காளிடம் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. அன்றும் உயர்த்தவில்லை.

“அக்கா, அந்தப் பேச்சு இந்த வீட்டுல வேணாம்,” என்றான்.

மங்கம்மா எழுந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “நான் என்ன சொல்லிட்டேன்?” என்றவள், சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டாள்.

அடுத்த விடுமுறையில் நின்றுபோன கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மூவரும் காரில் சிரம்பானுக்குப் புறப்பட்டார்கள். கோலா பிலாவைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது பின்இருக்கையிலிருந்து லோஷினி கேட்டாள்.

“அப்பா, யாரு பெத்த புள்ளைன்னா என்ன?”

தனலெட்சுமியின் கை சுகுமாறனின் முழங்கையைப் பிடித்தது. இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று இருவருக்கும் தெரியும். எப்படிச் சொல்வது என்று பலமுறை பேசி வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் பேசி வைத்தது ஒன்றும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

“பாப்பா, நீ இன்னொரு அம்மா வயித்துலதான் இருந்த,” என்றான். “அவங்களால உன்னப் பாத்துக்க முடியல. எங்களுக்கோ புள்ள வேணும் வேணும்னு ஆசை. அப்பாவும் அம்மாவும் வந்து உன்னத் தூக்கிட்டு வந்தோம். இதே ரோட்டுல.”

கண்ணாடியில் பார்த்தான். அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தாள்.

“லோரிலயா?”

“இல்லம்மா. கார்ல.”

“லோரில தூக்கிட்டு வந்திருக்கலாம்ல?”

தனலெட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நீ அப்ப ரொம்பச் சின்னப் புள்ள. லோரி குலுக்கும்,” என்றான் சுகுமாறன்.

“நான் அழுதனா?”

“நீ அழல. அம்மாதான் வழியெல்லாம் அழுதுச்சு.”

அது அவளுக்குப் பெரிய வேடிக்கையாய் இருந்தது. அம்மா எப்படி அழுதாள் என்று அழுது காட்டச் சொன்னாள். மலை இறங்கும்வரை தனலெட்சுமி அழுது காட்டிக்கொண்டே வந்தாள். சுகுமாறனின் நெஞ்சுக்குள் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அந்த வளைவுகளில் எங்கோ இறங்கிப் போயிருந்தது.

ஷங்கர் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தான். “கெட்டுப்போகலண்ணே. இதுல பேட்டரி கெடையாது. கை ஆடற ஆட்டத்துலதான் ஓடும். பெட்டியில பூட்டி வெச்சா நின்னுடும் லா.”

“அப்போ?”

“யாராச்சும் போட்டுக்குங்க. நிறுத்தி வைக்கணும்னாலும் வைக்கலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா போடறதுக்குத்தான செஞ்சிருக்காங்க?”

சுகுமாறன் தன் கையைப் பார்த்தான். குலை, சேறு, லோரி, எண்ணெய். ஒரு வாரம் தாங்காது. அவன் சொல்வதற்கு முன்பே தனலெட்சுமி கையை நீட்டிவிட்டாள். அவள் மணிக்கட்டுக்கு ஏற்றபடி ஷங்கர் பட்டையில் சில கண்ணிகளைக் கழற்றி, சின்னப் பையில் போட்டுக் கொடுத்தான்.

முதல் சில நாள் அவள் அந்தக் கையை முட்டைக்கூடைபோலத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிறகு மறந்துபோனாள். ஒருநாள் மத்தியானம் பள்ளியிலிருந்து வந்தவள் வாசலிலேயே நின்றாள். கையை நீட்டிக் காட்டினாள். வகுப்பறை இரும்புக் கதவு உரசி, பட்டையின் கொக்கியில் நீளமாய் ஒரு கீறல்.

சுகுமாறன் விரலால் தடவிப் பார்த்தான். வருத்தம் வருமென்று காத்திருந்தான். வரவில்லை.

“லோஷினி கேட்டா சொல்லு, அம்மா ஸ்கூல்ல கதவு சாத்தினப்போ பட்டதுன்னு. பெருசானா அவ புள்ளைக்குச் சொல்லிக்கட்டும்,” என்றான்.

லோஷினியின் பிறந்தநாள் வந்தது. சுகுமாறன் அக்காளுக்குப் போன் செய்து கூப்பிட்டான். முட்டி வலி, வர முடியாது என்றாள் மங்கம்மா. ஆனால் சனிக்கிழமை விருந்துக்குப் புனிதனின் மோட்டார் சைக்கிளில் எல்லாருக்கும் முன்னால் வந்து இறங்கினாள். மடியிலிருந்து ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசை எடுத்துக் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

மாவு பிசையும்போது தனலெட்சுமி கடிகாரத்தைக் கழற்றினாள். எங்கே வைப்பது? வீடு முழுக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணி, கொஞ்ச நேரம் உங்க கையில போட்டுக்குங்க.”

“எனக்கெதுக்குடி இதெல்லாம்?”

“உங்ககிட்ட இருந்தா எனக்குப் பயம் இல்ல.”

மங்கம்மா வெங்காயக் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். மெலிந்த கையில் கடிகாரம் தொளதொளவென்று ஆடியது. கீழே நழுவிவிடாமல் மேலே ஏற்றி, ரவிக்கையின் நீளக் கைக்குள் விட்டுக்கொண்டாள். கேக் வெட்டினார்கள், சாப்பிட்டார்கள், பாடினார்கள். எல்லாரும் கலைந்த பிறகு போன் அடித்தது.

“டேய் சுகு, வாட்ச் என் கையோடயே வந்துடுச்சுடா!” மங்கம்மா பதறினாள்.

“இருக்கட்டும் அக்கா. காலையில வந்து எடுத்துக்கறேன்.”

“காலையில நான் கோயிலுக்குப் போவேன். மத்தியானமா வாங்க. மூணு பேரும் சாப்புட்டுப் போங்க,” என்றாள்.

மறுநாள் அவர்கள் போய் இறங்கியபோது மங்கம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் நல்லசாமி வேலியோரம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி. ஒங்க அக்கா இன்னிக்குக் கோயில்ல ஒருத்தர விடல. வாட்ச்ச காட்டிக் காட்டி, மருமகளோடது, என் தம்பி வாங்கி வெச்சிருக்கான்னு ஒரே பேச்சு. இதுதான் அந்த மருமகளா?” என்று லோஷினியைக் காட்டிக் கேட்டார்.

“ஆமாண்ணே,” என்றான் சுகுமாறன். லோஷினி புதுக் கொலுசைக் காலைத் தூக்கி அவருக்குக் காட்டினாள்.

உள்ளே மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மங்கம்மா கடிகாரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் தனலெட்சுமியிடம் கொடுத்தாள். “கோயில்லேருந்து வர்ற வரைக்கும் நல்லா ஓடுச்சு,” என்று மட்டும் சொன்னாள். பிறகு இலை போட்டாள். லோஷினி மீன் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டாள். மங்கம்மா அவளை இழுத்து மடியில் உட்காரவைத்து, முள்ளை எடுத்துவிட்டு, சோற்றோடு பிசைந்து உருட்டினாள்.

“ஒரு வாய்தான் லோஷினி. அத்தைக்காக.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆலையில் லோரி வரிசை நீளம் என்று சுகுமாறனின் டிரைவர் போனில் சொன்னான். இருக்கட்டும், மெதுவாக வா என்று சொல்லிவிட்டு, சுகுமாறன் அக்காளிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டான்.