தூசி படாத கருவி

பஞ்சர் கடைக்காரரின் வரைபடம் திரையில் விரிந்ததும் மீட்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். மீட்டர் என்பது நான் வைத்த பெயர்; பொறியியல் முடித்துக் காற்றை அளக்க வந்தவன். நான் ஏழு வருடம் செவிலியாக இருந்துவிட்டு மறுபடி மாணவியானவள். இப்படி ஒட்டாத இரண்டு துறைகளிலிருந்து ஆளுக்கொருவராகப் பிடித்து ஜோடி சேர்ப்பதுதான் எங்கள் ஆய்வுப் படிப்பின் விதி. ஒரே கோப்பில் அவன் காற்றை எழுத வேண்டும், நான் மூச்சை. வெள்ளிக்கிழமை குழுவின் முன் முதல் முடிவைச் சொல்ல வேண்டும். அது தேறினால்தான் எங்களுக்கு இரண்டாம் ஆண்டு.

நாற்சந்தியில் லாரிப் புகைக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் அந்தக் கடைக்காரர். எங்கள் பன்னிரண்டு தன்னார்வலர்களில் ஒருவராக, காற்றை அளக்கும் கருவியை ஏழு நாள் தோள்பையில் சுமந்தவர். அவருடைய கோடோ, ஆளில்லாத மலையுச்சிக் காற்றை அளந்ததுபோலத் தரையோடு படுத்திருந்தது.

"கடைக்குப் பின்னாடி நாலு மரம் நிக்குதுல்ல? அதான் வடிகட்டுது. இதை வச்சே தனிக் கட்டுரை எழுதலாம்."

"அவர் ராத்திரி பூரா இருமுறார்டா. என் தாள்ல இருக்கு."

"இருமல் யார் வேணா சொல்லலாம்க்கா. மெஷின் பொய் சொல்லாது."

இரண்டு நாள் அவன் என் கேள்வித்தாளைச் சந்தேகித்தான், நான் அவன் பெட்டியை. புதன்கிழமை இருவரும் கடைக்காரர் வீட்டுக்கே போனோம். கதவைத் திறந்தது அவர் மனைவி.

"ஒரு கீறல் இல்லாமதானே திருப்பிக் குடுத்தோம்? ஏதாச்சும் குறையா?" என்றவள், எங்களை நம்ப வைப்பதற்காகவே பீரோவைத் திறந்தாள். மடித்த போர்வைகளுக்கு நடுவே, கருவியின் அளவுக்கு ஒரு பள்ளம். "ஏழு நாளும் இங்கதான் இருந்துச்சு. வெறும் பையை அவரு தோள்ல மாட்டி அனுப்பிடுவேன். நீங்க வழியில பாத்தா சங்கடப்படக் கூடாதுல்ல? தம்பிதானே சொல்லிச்சு, வெலை ஒசந்தது, தூசி தும்பு படாம பாத்துக்குங்கன்னு. மூணு தரம் சொல்லிச்சு!"

உண்மைதான். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருந்தேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது தூசியை அளக்கும் கருவி என்று சொன்னதும் அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அட, அதை மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி?"

படியிறங்கும்போது மீட்டர் சிரிக்கவில்லை.

"இவரை எடுத்துட்டா மிச்சம் பதினோரு பேர்."

"சரி, பதினொண்ணுன்னு சொல்லுவோம்."

"அது இல்லக்கா. பன்னிரண்டு பேர்கிட்டயும் நான் அதேதான் சொன்னேன்."

கருவியில் ஒரு குறையும் இல்லை. சொன்ன வாயில்தான் குறை. பிறகு அவனே சொன்னான்: "தப்பு என்னுதுன்னு மொதப் பக்கத்துலயே போட்டுடறேன். குழு வெளிய அனுப்புனா அனுப்பட்டும். இப்போ கேள்வி எப்படிக் கேக்கணும்னு சொல்லிக் குடு."

கடைசித் தன்னார்வலரான பள்ளி வேன் ஓட்டுநருக்கு அன்று நான்காம் நாள். அவரைத் தேடிப் போனோம். பள்ளி விட இன்னும் நேரமிருந்தது. வரிசையில் நின்ற வேன்களுக்கிடையே அவர் பக்கத்து வண்டிக்காரரோடு கதையளந்துகொண்டிருந்தார். மீட்டர் அவர் வேனின் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன்.

முன் இருக்கையில், இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள், ரப்பர் பேண்டால் இறுகக் கட்டப்பட்டு, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு, எங்கள் கருவி நேராகச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.