சிவப்பில் அடித்த மூன்று விலைகள்

அவள் அனுப்பிய கடிதத்தில் ஒரு விலைக்குப் பதில் நான்கு விலைகள் இருந்தன. அனுப்பி இருபது நிமிடம் கழித்துத்தான் அது தெரிந்தது.

கேட்டவர்கள் லிப்ட் செய்யும் கம்பெனிக்காரர்கள். லிப்ட் பாதி வழியில் நின்றுவிட்டால் உள்ளே தவிப்பவர்களிடம் ஒரு குரல் பேச வேண்டும். அந்தக் குரலுக்கான வாசகத்தை எழுதித் தர வேண்டும். மொத்தமே அறுபது சொல். சொல்லுக்கு இவ்வளவு என்று வாங்கியே பழகியவள் அவள். அந்தக் கணக்கில் போட்டால் பஸ் செலவுக்குக்கூடக் காணாது. ஆனால் வேலையோ மூன்று வாரம் இழுக்கும். மெக்கானிக்குகளோடு பேச வேண்டும், உள்ளே மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும். துணிந்து நாற்பதாயிரம் என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. அடித்தாள். இருபத்தைந்து. அதையும் அடித்தாள். பதினைந்து. கடைசியில் ஒன்பதாயிரத்தில் வந்து நின்றாள்.

இந்தத் தொழிலில் இல்லாத யாருக்கும் இந்தத் தப்பு வராது. அடுத்தவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுப்பதும் அவள் பிழைப்பு. அடித்த சொல் அழியாமல் சிவப்புக் கோட்டோடு நிற்கட்டும், எழுதியவர் பார்க்கட்டும் என்று கணினியில் ஒரு வசதி உண்டு. அதை அணைக்க மறந்துவிட்டாள். அவள் திரையில் மறைந்திருந்தது அவர்கள் திரையில் பளிச்சென்று தெரியும். ஓரத்தில் தனக்குத்தானே எழுதி வைத்த குறிப்புகளும் சேர்த்துத்தான். ‘சிரிப்பார்கள்.’ ‘நாலு வரிக்கு இவ்வளவா?’

முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தாள். இந்த வீட்டு வாடகை இரண்டு மாதமாக அக்கா தலையில்தான்.

“ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

“நாலு ரேட்டும் அவங்களுக்குப் போயிடுச்சுக்கா.”

அக்கா திரையை எட்டிப் பார்த்தாள். “எதிர்ல ஆளே இல்லாம நீயே பேரம் பேசி நீயே தோத்திருக்க.”

சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. பழைய ஆபீஸ் மேனேஜர் காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டார்: அவளுடைய பழைய நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறது, மாலை ஐந்து மணிக்குள் வருகிறேன் என்று சொன்னால் அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. லிப்ட் வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே எழுதிப் பிழைக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி அந்த நாற்காலிதான். இப்போது மணி நாலே முக்கால்.

போன் அடித்தது. லிப்ட் கம்பெனிக்காரர்.

“மேடம், உங்க லெட்டர்ல நாலு விலை இருக்கு. கடைசியா இருக்கிறதுதானே? ஒம்பதாயிரம்?”

ஆமாம் சார் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை எப்படி விழுங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“இல்ல சார். முதல்ல இருக்கிறது.”

“அத நீங்களே அடிச்சிருக்கீங்களே. பக்கத்துல ‘சிரிப்பார்கள்’னு வேற போட்டிருக்கீங்க.”

“சிரிச்சீங்களா சார்?”

அவர் சொன்னார்: “இல்ல.”

“அடிச்சது பயத்துல சார். விலையக் குறைச்சதால வேலை குறையல. மூணு வாரம் மூணு வாரம்தான்.”

அந்தப் பக்கம் பேச்சில்லை. இப்படிப்பட்ட மௌனம்தான் இத்தனை நாளும் அவள் பிழைப்பைக் கெடுத்தது. யாராவது இரண்டு விநாடி சும்மா இருந்தால் போதும், கேட்காமலே ஐயாயிரத்தை விட்டுக்கொடுத்துவிடுவாள். முப்பத்தைந்து வேணா போட்டுக்குங்க சார் என்று தொண்டையில் தயாராக நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“மேல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன் மேடம்,” என்று அவர் வைத்துவிட்டார்.

மணி நாலு ஐம்பது.

“நாளைக்குத்தான் தெரியும்னா இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஆபீஸ்காரனுக்கு என்ன சொல்லப் போற?” என்றாள் அக்கா.

ஆறு வருஷம் அந்த ஆபீஸில் அவள் விலையை அவர்கள்தான் சொன்னார்கள். அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் முதல் தடவையாக அதைத் தன் வாயால் சொல்லியிருக்கிறாள். அதற்கு ஒத்துக்கொள்வார்களா என்பதுகூடத் தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்ட பிறகு திரும்பிப் போய் அங்கே உட்கார மனசு வரவில்லை. போனை எடுத்து, ‘நான் வரவில்லை’ என்று எழுதினாள்.

அக்கா தோளுக்கு மேலாகப் படித்தாள். “வாடகை?”

“இந்த மாசமும் நீதான்க்கா.”

“அடுத்த மாசம்?”

“தெரியலக்கா,” என்று சொல்லிவிட்டு, அனுப்பினாள்.